போடியம் கோட்டை: சண்டைக்கா, பந்தாவுக்கா?

கேள்வி: இங்கிலாந்தின் சசெக்ஸ் கிராமப்புறத்தில் உள்ள போடியம் கோட்டை நிஜமாகவே சண்டைக்குக் கட்டியதா?

பதில்: சண்டைக்கும்தான், ஆனால் பந்தா கொஞ்சம் தூக்கல் என்பேன். பிரெஞ்சுக்காரர்கள் படையெடுத்து வரலாம் என்று காரணம் காட்டி, 1385-இல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டிடம் அனுமதி வாங்கிக் கட்டியவர் சர் எட்வர்ட் டாலிங்ரிட்ஜ். நான்கு மூலையிலும் வட்டக் கோபுரங்கள், நடுவே முற்றம், சுற்றிலும் அகன்ற அகழி. பழைய மரப்பாலம் நேராக வாசலுக்கு வராது, பக்கவாட்டில் வந்து திரும்பும், அதனால் எதிரி தன் விலாவைக் காட்டிக்கொண்டேதான் நடக்க வேண்டும். வாசலில் சாவித்துவாரம் மாதிரி துப்பாக்கித் துளைகள் வேறு! சரி, சண்டைக்கு மட்டும்தான் என்றால் அப்புறம் எதற்கு அவ்வளவு பெரிய ஜன்னல்கள்? அகழியும் அப்படியொன்றும் பெரிய தடை இல்லை, கரையை வெட்டிவிட்டாலே தண்ணீர் வடிந்துவிடுமே. கழிப்பறைகள் நேரே அந்த அகழியில்தான் திறந்தன, நாற்றமும் ஒரு காவல்தான் போல! 1917-இல் கர்சன் பிரபு (ஆமாம், வங்காளத்தைப் பிரித்தவரேதான்) இதை வாங்கிச் செப்பனிட்டார்.