'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

வணக்கம். 'ரன் எ கம்பெனி', 'ரன் அவுட் ஆஃப் மில்க்' இரண்டிலும் யாரும் ஓடவில்லையே, எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள். குழப்பம் நியாயமானதுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 600க்கும் மேற்பட்ட பொருள்கள் உண்டு.

மனப்பாடம் வேண்டாம். நம் 'ஓடு' என்ற சொல்லையே பாருங்கள்: படம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, கவலையில் வேலையே ஓடவில்லை. நிற்காமல் இயங்குவதுதான் அடிப்படை. ஆங்கிலம் அதை இன்னும் நீட்டுகிறது. நிறுவனத்தை இயங்க வைத்தால் நடத்துவது. மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுவது.

'ரன் அவுட் ஆஃப்' தனி. அதைப் பிரிக்காமல் 'தீர்ந்துபோவது' என்றே பழகுங்கள். 'ரன் இன்டு' ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பது, சுவரென்றால் மோதுவது.

எனக்குப் பிடித்தது தேர்தல்: அமெரிக்கர்கள் அதில் 'ஓடுகிறார்கள்', பிரிட்டிஷார் நம்மைப் போலவே 'நிற்கிறார்கள்'!