முட்டையை எடுத்து வைக்கலாம், கரையை?

கேள்வி: அக்கா, சென்னையில் ஆமை முட்டைகளைப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்களே! கிரேட் நிக்கோபார் தீவிலும் அப்படிச் செய்துவிட்டு, அங்கே கலாத்தியா விரிகுடாவில் அரசு திட்டமிட்டிருக்கும் துறைமுகத்தைக் கட்டினால் என்ன?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் பொரிப்பகத்தில் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது சரிவராது.

பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் 1988 முதல் மாணவர்கள் இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். கல்லூரி நாட்களில் நானும் போயிருக்கிறேன். பங்குனி ஆமை தோண்டிய குழிக்குள் முழங்கை வரை கையை விட்டால், ஈரமான முட்டைகள் விரலில் படும். ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைப்போம். உருட்டக் கூடாது, குலுக்கக் கூடாது. இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அசைந்தாலே செத்துவிடும். பொரிப்பகத்திலும் அதே ஆழத்தில், குடம் மாதிரி அடி அகன்ற குழி வேண்டும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் பொரிப்பகம் இரண்டாம்பட்சம்தான். நாய்கள் முட்டையைத் தோண்டித் தின்கின்றன, குஞ்சுகள் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துச் சாலைக்கு ஏறுகின்றன என்பதால் வேறு வழியில்லாமல் செய்கிறோம்.

கலாத்தியாவுக்கு வருவது ஏழுவரி ஆமை. கெட்டி ஓடு கிடையாது, தோல் போர்த்திய முதுகு; ஆறடி நீளம்கூட வளரும். லிட்டில் அந்தமான் தீவில், போகும் வழியைக் காட்டும் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்டவற்றில் சில ஆஸ்திரேலியப் பக்கமும் சில ஆப்பிரிக்கப் பக்கமும் போயிருக்கின்றன. 2004 சுனாமியில் நிலமே தாழ்ந்து கலாத்தியாவின் மணல்கரை அழிந்துபோனது. பிறகு மணல் தானாகச் சேர்ந்தது, ஆமைகளும் வந்தன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அலைத்தடுப்புச் சுவரும் தூர்வாரலும் இரவெல்லாம் விளக்கும் வந்துவிட்டால் அப்படி மீள வழியில்லை. முட்டையை நாம் சுமக்கலாம். முட்டையிடத் தாய் எங்கே கரையேறும்?

1997இல் சரணாலயமான இடம் அது. 2021 ஜனவரியில் அந்தப் பாதுகாப்பை நீக்க தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட கடலாமைச் செயல்திட்டம் கலாத்தியாவை முக்கியமான ஆமைக் கரைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அந்தத் திட்டத்தை மதித்து, துறைமுகத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். ஆமை முட்டையிடுவதைப் பார்க்க முடியுமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: வடக்கு அந்தமானில் திக்லிப்பூர் அருகே காளிப்பூர் கடற்கரைக்குப் போங்கள். அங்கே வனத்துறையின் பொரிப்பகம் இருக்கிறது. அவர்களிடம் அனுமதி கேட்டு, ஊழியரோடு மட்டும் இரவில் கரைக்கு இறங்குங்கள். டார்ச்சும் கேமரா ஃபிளாஷும் வேண்டாம். ஆமை குழி தோண்டி முடிக்கும்வரை தள்ளியே உட்காருங்கள். மிரண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். பிள்ளைகளுக்கு இதைக் கிளம்பும்போதே சொல்லி வையுங்கள்.