நிலக்கரி ஊரின் செனட்டர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற கட்டுரையில் வெஸ்ட் வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சி செனட்டராக இருந்த ஜோ மாஞ்சினைக் குறிப்பிட்டு, ‘அவர் வாக்கு இல்லாமல் அமெரிக்காவுக்கு ஒரு பருவநிலைச் சட்டமே வந்திருக்காது’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பதினாறு வருடமாக பிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். 2021 டிசம்பரில் அவர் தொலைக்காட்சியில் வந்து, சொந்தக் கட்சியின் பருவநிலை, சமூகநல மசோதாவுக்கு வாக்களிக்க முடியாது என்று சொன்ன அன்று என் மகள் அழுதாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. நிலக்கரியில் வருமானம் பார்க்கும் ஒருவர் இந்த மசோதாவைத் தடுத்தது துரோகம் இல்லையா? நம் ஊராக இருந்தால் கொறடா உத்தரவை மீறியதற்குப் பதவியே போயிருக்கும். அவரைப் போய் ‘மிதவாதி’ என்கிறீர்களே!

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகளின் அழுகை நியாயமானது. அன்று கைவிடப்பட்ட மசோதாவில் பருவநிலைக்கு மட்டும் ஏறத்தாழ 55,500 கோடி டாலர் இருந்தது. கீழவை அதை நிறைவேற்றி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. செனட்டில் இரு தரப்புக்கும் ஐம்பது ஐம்பது பேர். ஒருவர் மாட்டேன் என்றால் முடிந்தது கதை. அந்த ஒருவராக இருந்தார் மாஞ்சின்.

கொறடா விஷயத்தில் மட்டும் உங்களோடு நான் உடன்படவில்லை. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தால் நம் உறுப்பினர்கள் கட்சி சொன்னபடி கை தூக்குகிறவர்களாக ஆகிவிட்டார்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அது நல்லது என்றே நினைக்கிறேன். கட்சியை மீறினார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் துரோகி என்று சொல்ல என்னால் முடியாது. எதற்காக மீறினார், யார் பெயரைச் சொல்லி மீறினார் என்றுதான் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1988இல் அவர் தொடங்கிய நிலக்கரி வியாபார நிறுவனத்திலிருந்து அவருக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாக வந்துகொண்டிருந்தது. அவரே தாக்கல் செய்த கணக்கில் இருப்பதுதான் இது. அந்த நிறுவனம் கிராண்ட் டவுன் என்ற ஊரின் மின் நிலையத்துக்குக் கழிவு நிலக்கரி கொடுத்தது. அதே காலத்தில் அவர் செனட்டின் எரிசக்திக் குழுவுக்குத் தலைவர். சொத்து தன் பார்வைக்கு வராத அறக்கட்டளையில் இருக்கிறது என்று அவர் சொன்ன பதில் எனக்குப் போதவில்லை. சட்டம் அனுமதிக்கலாம். ஆனாலும் அது தவறு.

ஆனால் அவரை முழுக்கப் பணத்தால் விளக்கிவிட முடியாது. அவர் பிறந்த ஊர் ஃபார்மிங்டன். உங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1968 நவம்பர் 20ஆம் தேதி விடியற்காலையில் அங்கே சுரங்கம் வெடித்தது. உள்ளே இருந்த 99 பேரில் 21 பேர்தான் மேலே வந்தார்கள். தீ அடங்காததால் பத்து நாள் கழித்துச் சுரங்க வாயை மூடிவிட்டார்கள். இறந்த 78 பேரில் 19 பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. மாஞ்சினின் மாமா ஒருவரும் கூடப் படித்தவர்கள் சிலரும் அந்த 78 பேரில் அடக்கம். மறுவருடம் வந்த சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்துக்கும், தூசியால் நுரையீரல் கறுத்துப்போன தொழிலாளர்களுக்கு உதவித்தொகை கிடைத்ததற்கும் அந்த விபத்துதான் பெரிய காரணம். அப்படி ஓர் ஊரில் வளர்ந்தவரிடம் ‘நிலக்கரியை விட்டுவிடு’ என்று வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் அது அவர் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 2020இல் வெஸ்ட் வர்ஜீனியாவில் நூற்றுக்கு 68 பேர் டிரம்புக்கு வாக்களித்தார்கள். அங்கே மாநில அளவில் வென்று பதவியில் மிஞ்சியிருந்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர் மாஞ்சின். அந்த ஊர்களில் அவர் சொன்னால் கேட்பார்கள்.

என் கோபமே அங்கேதான் தொடங்குகிறது.

அவர் உட்கார்ந்திருந்தது ராபர்ட் பேர்டின் இடத்தில். பேர்ட் அரை நூற்றாண்டுக்கு மேல் செனட்டில் இருந்தவர், நிலக்கரிக்காகவே வாதாடியவர். பருவநிலைக்கான கியோட்டோ மாநாட்டுக்கு முன்பே, 1997இல், வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத ஒப்பந்தத்தில் அமெரிக்கா சேரக் கூடாது என்று ஒரு தீர்மானத்தை 95க்கு 0 என்று நிறைவேற்ற வைத்தவர். அதே மனிதர் 2009 டிசம்பரில், தொண்ணூறு வயது தாண்டிய பிறகு, தன் மாநில மக்களுக்கு ஒரு கட்டுரை எழுதினார். மாற்றம் வருவது நிச்சயம், அதற்குத் தயாராகுங்கள், எதிர்த்து நின்றால் அது உங்களை மிதித்துக்கொண்டு போய்விடும் என்பது அதன் சாரம். அடுத்த ஜூனில் அவர் இறந்துபோனார். அந்த இடத்துக்குப் போட்டியிட்ட மாஞ்சினோ, கரியமில வாயுவுக்கு வரம்பு வைக்கும் மசோதாவைத் துப்பாக்கியால் சுடுவது போல விளம்பரம் எடுத்து வென்றார். பேர்ட் கடைசியில் சொன்னதை மாஞ்சின் தன் மக்களிடம் எடுத்துச் சொல்லவில்லை.

இன்னொன்று. 2021 டிசம்பர் 19 அன்று அவர் ‘மாட்டேன்’ என்றார். மறுநாளே அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அவரை மறுபரிசீலனை செய்யச் சொல்லி அறிக்கை விட்டது. பருவநிலை ஆர்வலர்கள் இல்லை எஸ்., சுரங்கத் தொழிலாளர்களின் சங்கம்! கருநுரையீரல் நோயாளிகளுக்கான நிதிக்கு நிலக்கரி நிறுவனங்கள் கட்டும் வரி அந்த மாதக் கடைசியோடு குறையப்போகிறது, மசோதா வந்தால் அது தொடரும். நிலக்கரிப் பகுதிகளில் தொழிற்சாலை கட்டுகிறவர்களுக்குச் சலுகையும் கிடைக்கும் என்றது சங்கம். யாருடைய பெயரைச் சொல்லிக் கட்சியை மீறினாரோ அவர்களே ‘மீற வேண்டாம்’ என்றபோது, அந்த மீறலை மனசாட்சி என்று எப்படிச் சொல்வது? என்னால் முடியவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 2022 ஜூலை கடைசியில் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஷூமரோடு உடன்பாட்டுக்கு வந்தார். ஆகஸ்ட் 7 அன்று துணை அதிபர் ஹாரிஸின் வாக்கோடு 51க்கு 50 என்று பணவீக்கக் குறைப்புச் சட்டம் செனட்டில் நிறைவேறியது. ஆகஸ்ட் 16 அன்று பைடன் கையெழுத்திட்ட பேனாவை மாஞ்சினிடம் கொடுத்தார். எரிசக்திக்கும் பருவநிலைக்கும் சேர்த்து 36,900 கோடி டாலர். தூய மின்சாரத்தைக் கூட்டும் மின் நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து, கூட்டாதவற்றுக்கு அபராதம் போடும் 15,000 கோடி டாலர் திட்டத்தை முந்தைய அக்டோபரிலேயே அவர் வெட்டவைத்துவிட்டார். கடலில் காற்றாலைக்கு இடம் தர வேண்டுமானால் எண்ணெய்க்கும் ஏலம் விட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் நுழைந்தது. அவ்வளவையும் கழித்த பிறகும் அந்த நாடு அதுவரை போட்ட பருவநிலைச் சட்டங்களில் அதுவே பெரியது. நான் எழுதிய வரியின் பொருள் இதுதான். அதைத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் அந்த எட்டு மாதத் தாமதத்தையும் வெட்டியவற்றையும் அந்த வரியோடு சேர்த்துச் சொல்லாமல் விட்டது என் பிழை. சுரங்கச் சங்கம் கேட்ட வரி நிரந்தரமானதும் இந்தச் சட்டத்தில்தான்.

அந்தச் சட்டம் வந்த பிறகு நடந்ததற்கு ஓர் உதாரணம், வெஸ்ட் வர்ஜீனியாவின் வீர்ட்டன். உங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவுகூட இல்லை. ஒரு காலத்தில் அந்த ஊரே உருக்காலைதான். 1984இல் தொழிலாளர்களே அந்த ஆலையை வாங்கிப் பார்த்தார்கள், அப்படியும் நிலைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது ஃபார்ம் எனர்ஜி என்ற நிறுவனம் இரும்பு-காற்று மின்கலம் செய்கிறது. இரும்பு துருப்பிடிக்கும்போது மின்சாரம் தரும், சார்ஜ் ஏற்றினால் துரு மறுபடி இரும்பாகும். நூறு மணி நேரம்வரை மின்சாரம் தரக்கூடியது. பழைய உருக்காலை மண்ணில் துருவை வைத்துப் பிழைப்பு என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. 2021 டிசம்பரிலேயே ‘சரி’ என்றிருந்தால் இப்படி இன்னும் எத்தனை ஊர்கள் முன்னதாகவே தொடங்கியிருக்கும்?

மாஞ்சின் 2024இல் கட்சியை விட்டு விலகினார், தேர்தலிலும் நிற்கவில்லை. அந்த இடத்துக்கு நிலக்கரி முதலாளியான ஜிம் ஜஸ்டிஸ் வந்தார். 2025 ஜூலை 1 அன்று காற்றாலை, சூரிய மின்சாரச் சலுகைகளைச் சீக்கிரமே முடிக்கும் மசோதாவுக்கு ஜஸ்டிஸும் வாக்களித்தார். அதே 51க்கு 50. இந்த முறை துணை அதிபர் வான்ஸின் வாக்கு. அன்று குடியரசுக் கட்சியை மீறியவர்கள் மூன்று பேர். அவர்களில் வட கரோலினாவின் தாம் டில்லிஸ், சலுகைகளை ஒரேயடியாக நீக்காதீர்கள் என்று ஏப்ரலில் வேறு மூன்று செனட்டர்களோடு கையெழுத்திட்டவர். மீறப்போகிறார் என்று தெரிந்ததும் டிரம்ப் அவரை மிரட்டினார். வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பே, இனி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று டில்லிஸ் அறிவித்துவிட்டார். அவர் பேசியது பெரும்பாலும் மருத்துவ உதவித் திட்டத்தைப் பற்றித்தான். ஆனாலும் கட்சியை மீறுவதற்கு அவர் கொடுத்தது தன் பதவியை. மாஞ்சின், டில்லிஸ் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

அவளுக்கு இப்போது வாக்குரிமை வந்திருக்கும். ஒரு சனிக்கிழமை அவளை ஃபார்மிங்டனுக்கும் அழைத்துப் போங்கள். அந்த 78 பேருக்கு அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. பார்த்துவிட்டு வந்து அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.