மஞ்சப்பையில் இருக்கும் ஃபைல்

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயசு. பாம்பன். பாசி எடுக்கப் போவேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகளுக்கு 25 வாரத்திலேயே பிரஷர் ஏறி வலிப்பு வந்து, ராமநாதபுரத்தில் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, 590 கிராம். குழந்தையை மதுரைக்கு அனுப்பினார்கள். நானும் மருமகனும் கூடப் போனோம், மகள் ராமநாதபுரத்திலேயே ஐசியூவில் இருந்தாள். எட்டாம் நாள், "மூளையில் ரெண்டு பக்கமும் ரத்தம் கசிஞ்சிருக்கு, கிட்னியும் நின்னுருச்சு. இன்னும் மருந்தைக் கூட்டிப் பார்க்கவா, கஷ்டப்படுத்தாம விடவா?" என்று டாக்டர் கேட்டார். மருமகன், "அத்தை, நீங்களே சொல்லிருங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான், "போதும் டாக்டர், இனிமே குத்த வேண்டாம்" என்றேன். விடியுமுன் போய்விட்டது. ராமநாதபுரம் வழியாகத்தான் பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்தோம். மகள் அங்கேதான் படுத்திருந்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. 'அதுவா மூச்சு நின்னுருச்சு' என்று பிறகு சொன்னோம். இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள், 10 வாரம். டாக்டர் பழைய ஃபைலைக் கேட்கிறார். அது என் பெட்டிக்கடியில் மஞ்சப்பையில் இருக்கிறது, அதில் எல்லாம் எழுதியிருக்கு. பாவசங்கீர்த்தனம் செய்தும் தூக்கம் வரவில்லை. கையில் பணம் இருந்திருந்தால் பிழைத்திருக்குமோ? நான் என் பேத்தியைக் கொன்னுட்டேனா?
— பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: தங்கச்சி, முதலில் ஃபைல். அதற்குத்தான் கெடு இருக்கிறது. இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வர நாளாகும் என்பதால் போனிலேயே சொல்லிவிட்டேன். இதே நிலைமையில் வேறு யாரும் இருக்கலாம் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

முந்தைய பிரசவத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வரைக்கும் போன பெண்ணுக்கு அடுத்த முறையும் அது வர வாய்ப்பு அதிகம். அதைக் குறைக்கக் குறைந்த அளவில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பார்கள். 12 வாரத்தில் தொடங்குவது வழக்கம், 16 வாரத்தைத் தாண்டித் தொடங்கினால் பலன் குறைவு. (நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.) இன்னொன்று, கருப்பையில் எந்த இடத்தில் கீறினார்கள் என்பது. 25 வாரத்தில் கருப்பையின் அடிப்பகுதி சரியாக விரிந்திருக்காது, சில பேருக்கு மேலே நெடுக்காகக் கீற வேண்டி வரும். அப்படிக் கீறியிருந்தால், அடுத்த தடவை வலி வந்து பழைய தழும்பு பிரியும்வரை காத்திருக்கக் கூடாது. வயிற்றுக்கு வெளியே தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது, அது அந்தக் காகிதத்தில்தான் இருக்கும். உங்கள் மகள் உயிருக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் உங்கள் பெட்டிக்கடியில் கிடக்கின்றன. ஆகவே ஃபைல் வெளியே வந்தாக வேண்டும். வந்தால் உண்மையும் கூடவே வரும்.

இனி உங்கள் கேள்வி. கொன்றுவிட்டேனா என்கிறீர்கள். இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பச்சிளங்குழந்தை வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

590 கிராம் குழந்தையை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். தோல் சின்ன வெங்காயத்தின் உள்தோல் மாதிரி இருக்கும், ஒட்டிய பிளாஸ்திரியை எடுத்தால் தோலும் சேர்ந்து வரும். உடம்பில் மொத்த ரத்தமே ஐம்பது மில்லி சொச்சம், டீக்கடைக் கிளாஸில் பாதிகூட வராது. அதிலிருந்துதான் டெஸ்டுக்கு டெஸ்ட் எடுக்க வேண்டும். நுரையீரலோ இன்னும் ஒட்டிக் கிடக்கும். ஈரமான பாலித்தீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் ஊதிப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம்? அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் அப்படித்தான். நீங்கள் மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் போய்ப் பாசி அறுத்துவிட்டு மேலே வந்து இழுப்பீர்களே, அந்த முதல் மூச்சு, அதையே இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருப்பது போல.

பணம் இருந்திருந்தால் என்று கேட்டிருக்கிறீர்கள். 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். இரண்டு கிலோ இருந்தான். இந்த ஒட்டிக்கொள்ளும் நுரையீரல்தான் நோய். இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அன்றைக்கு உலகத்தில் எந்தப் பணத்துக்கும் மருந்து கிடையாது. அப்புறம்தான் பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி வந்தது, நியூசிலாந்தில் 1972-ல் அதை நிரூபித்தார்கள். நுரையீரலைப் பிரிக்கும் சர்ஃபக்டன்ட் மருந்தை 1980-ல் ஜப்பானில் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு அந்த ஜனாதிபதி மகன் அளவுள்ள குழந்தைகள் அரசு ஆஸ்பத்திரியிலேயே காசில்லாமல் பிழைத்து வீட்டுக்குப் போகின்றன. உங்கள் பேத்திக்கும் வென்டிலேட்டர் வைத்தார்கள், அந்த மருந்தும் கொடுத்தார்கள் என்று போனில் சொன்னீர்கள். ஆனால் நுரையீரலுக்கு நாள் வாங்கிக் கொடுக்கிற இயந்திரம் உண்டே தவிர, மூளைக்குள் இரண்டு பக்கமும் பரவிய ரத்தத்தைத் திருப்பி எடுக்கிற இயந்திரம் எங்கேயும் இல்லை. உச்சிக்குழி வழியாக ஸ்கேன் வைத்துப் பார்த்துத்தான் டாக்டர் அதைச் சொல்லியிருப்பார். கூடவே கிட்னியும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கூட்டுகிற மருந்து சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அந்த நேரம் முழுக்க ஊசியும் குழாயும் அந்தப் பிஞ்சுக்குத்தானே?

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். ரொம்பச் சின்னது என்பதற்காக மட்டும் நீங்கள் போதும் என்று சொல்லியிருந்தால் நான் இப்படி எழுதமாட்டேன். எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான கோடு கிடையாது. இங்கிலாந்தில் 2006-ல் ஒரு நெறிமுறைக் குழு, 25 வாரம் என்றால் பொதுவாகத் தீவிர சிகிச்சை, 23 வாரம் என்றால் பெற்றோர் விருப்பப்படி என்று சொன்னது. ஜப்பானில் 22 வாரக் குழந்தைகளுக்கே போராடுகிறார்கள். இங்கிலாந்திலும் பிறகு கோட்டைக் கீழே இறக்கிவிட்டார்கள். பாம்பனில் பிறக்கும் குழந்தைக்கு அந்தக் கோடு, மதுரைக்குப் போகும் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ரோட்டையும் சேர்த்தது. உங்கள் பேத்திக்கு ஆரம்பித்தது சரி. எட்டு நாள் போராடியதும் சரி. ஸ்கேன் வந்த பிறகு நிறுத்தியதும் என் கணக்கில் சரி.

நீங்கள் வேதக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். மூச்சு இயந்திரங்கள் புதிதாக வந்த காலத்தில், 1957-லேயே, டாக்டர்கள் போப் பன்னிரண்டாம் பயஸிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். அசாதாரணமான வழிகளையெல்லாம் கையாண்டு உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை என்றார் அவர். நம் உச்ச நீதிமன்றமும் 2018-ல், மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது வேறு, உயிரை எடுப்பது வேறு என்று ஏற்றுக்கொண்டது.

சரி, இதுவரை உங்கள் பக்கம் பேசினேன். இனிமேல் வருவது கொஞ்சம் உறைக்கும்.

மகள் உண்மையைக் கேட்டதும் முதலில் அழுவாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்பாள்: "பொம்பளப் புள்ளைன்னுதானே விட்டீங்க? பையனா இருந்தா விட்டிருப்பீங்களா?" இந்தக் கேள்விக்கு நான் உங்களுக்குப் பதில் எழுதித் தர முடியாது. வார்டு வாசலில், "பொட்டப்புள்ளதானே சிஸ்டர், எதுக்கு இவ்வளவு செலவு?" என்று கேட்டுவிட்டு, பிழைக்கக்கூடிய குழந்தையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்த வாடை இல்லை. ஆனாலும் மகளுக்கு முன்னால் உட்காருவதற்கு முன், ஒரு தடவை உங்களுக்குள்ளேயே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, எட்டாம் நாள் உங்கள் மகள் எங்கே இருந்தாள்? ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்து நாலு நாள் ஆகிவிட்டது என்று நீங்களே போனில் சொன்னீர்கள். நினைவு இருந்தது, பேச்சு இருந்தது, தலைமாட்டில் செல்போனும் இருந்தது. அவளிடம் யாருமே கேட்கவில்லை. அழுதால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்தீர்கள். அந்த டாக்டரும், "தாய் எங்கே? ஒரு போன் போடுங்கள், நானே பேசுகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதில் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்களோ அவர்களிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது எங்கள் வார்டிலும் நடந்தது, நானே நீட்டியிருக்கிறேன். பெற்றவள் வேறு ஆஸ்பத்திரியில் கிடப்பாள், இங்கே பாட்டியோ சித்தப்பாவோ கையெழுத்துப் போடுவார்கள். இரவு ட்யூட்டியில் அதுதான் சுலபம். அவளிடம் கேட்டிருந்தால், "இல்லை, இன்னும் ரெண்டு நாள் பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். "நான் வர்றவரைக்கும் வைங்க, ஒரு தடவை கையில வாங்கிக்கிறேன்" என்றும் சொல்லியிருக்கலாம். முடிவு அதேதான் ஆகியிருக்கும், ஆனால் அது அவள் எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

தூக்கம் வராததற்குக் காரணம் நீங்கள் டாக்டரிடம் சொன்ன அந்த வார்த்தை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. "வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை" என்ற வரியில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. மகளிடம் மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் அதற்குக் கேளுங்கள்.

சொல்வது எப்படி? மருமகனும் கூட இருக்க வேண்டும். இந்தத் தடவை அவர் சுவர்ப் பக்கம் திரும்பக் கூடாது, இதை நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டார் வேண்டாம், அக்கம்பக்கம் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் அவசர அவசரமாகச் சொல்லாதீர்கள், இரண்டு மூன்று நாள் முன்னால் சொல்லுங்கள். மாசமாக இருக்கிறவளிடம் எப்படி என்று யோசிக்கிறீர்கள். அவளே டாக்டர் எதிரில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது மேல். "கடவுள் சித்தம்" என்று ஆரம்பிக்காதீர்கள். "அடுத்தது நல்லபடியா பிறக்கும்" என்று முடிக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவள் கோபப்பட்டு ஒரு மாசம் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். மருமகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

கோபம் தணிந்த பிறகு சின்னச் சின்னதாகக் கேட்பாள். முடி இருந்ததா? கண் திறந்ததா? கடைசியில் யார் கையில் வைத்திருந்தார்கள்? எந்தத் துணியில் சுற்றினீர்கள்? ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள். அந்த ஒன்பது நாளில் அவளுக்குத் தெரிந்தது ராமநாதபுரம் ஆஸ்பத்திரியின் கூரை மட்டும்தான், மிச்சமெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது.

போனை வைக்கும்போது போகிறபோக்கில் ஒன்று சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஐந்தாம் நாளிலிருந்து மகள் வார்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் பீய்ச்சிக் கொடுத்தாள், உங்கள் மகன் அதை மீன் ஐஸ் பெட்டியில் வைத்து மதுரை பஸ்ஸில் கொண்டுவந்தான், பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள் என்று. பால் போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்குத் தெரியுமா என்றேன். நாங்கள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை என்றீர்கள். நர்ஸ் ஒரு மில்லியை சிரிஞ்சில் எடுத்து, குழாய் வழியாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விட்டதை நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறீர்கள். மூன்று நாள் அந்தக் குழந்தையின் வயிற்றுக்குள் போனது அவள் பால். ஃபைலை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.