ஐபிஓவுக்கு முன்னால் அண்ணன் கணக்கு

கேள்வி: கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அப்பளமும் மசாலாப் பொடியும் தயாரிக்கிறோம். அப்பா தொடங்கிய தொழில். இப்போது அண்ணனும் நானும் பங்குதாரர்கள். போன வருஷ விற்பனை 22 கோடி. வட்டி, தேய்மானம், வரிக்கு முந்தைய லாபம் 1 கோடியே 30 லட்சம். அதற்கு முந்தைய இரண்டு வருஷங்களில் 80 லட்சம், 60 லட்சம். கங்கைகொண்டான் சிப்காட்டில் புது ஆலை போட 8 கோடி வேண்டும். சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், “எஸ்எம்இ ஐபிஓ போங்க, வட்டியில்லாப் பணம்” என்கிறார். சிறு, நடுத்தரத் தொழில்கள் பங்குச் சந்தை வழியாக வெளியாருக்குப் பங்கு விற்றுப் பணம் திரட்டுவதாம் அது. முன்பணம் 5 லட்சம் கேட்கிறார். வரும் தொகையில் மச்சினன் தந்த ஒன்றரைக் கோடியை அடைக்கலாம். அண்ணனும் தன் பங்கை விற்று ஒதுங்க நினைக்கிறார். எங்கள் ஏஜென்ட்களே ஆளுக்குப் பத்தாயிரம் போடத் தயார். இறங்கலாமா?
பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: இப்போது வேண்டாம்.

உங்களுக்கு ஆசை இருந்தாலும் விதி உள்ளே விடாது. 2025 மார்ச்சில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, எஸ்எம்இ வெளியீட்டு விதிகளை இறுக்கிவிட்டது. முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இரண்டிலாவது செயல்பாட்டு லாபம், அதாவது நீங்கள் சொன்ன வட்டி, தேய்மானம், வரிக்கு முந்தைய லாபம், 1 கோடி இருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு வருஷம்தான் தேறுகிறது. தவிர, நீங்கள் நடத்துவது கூட்டு வணிகம். அதைக் கம்பெனியாக மாற்றி, அதன்பின் ஒரு முழு நிதியாண்டாவது ஓட்டினால்தான் வெளியீட்டுக்கான வரைவு ஆவணமே தாக்கல் செய்யலாம். ஆலோசகருக்கு இது தெரியாமலா இருக்கும்?

சரி, லாபம் ஏறி, கம்பெனியும் ஆகிவிட்டது என்று வையுங்கள். அப்போதும் உங்கள் திட்டத்தில் பாதி நடக்காது. வெளியீட்டுப் பணத்தில் புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்து நடத்துபவர், அதாவது உங்களைப் போன்றவர்) குடும்பத்துக் கடனை அடைக்கக் கூடாது. மனைவியின் உடன்பிறந்தவரும் அந்தக் குடும்பத்தில்தான் சேர்த்தி. ஆகவே மச்சினன் கடனை உங்கள் லாபத்திலிருந்துதான் அடைக்க வேண்டும். அண்ணன் விஷயமும் அப்படியே. பழைய பங்குதாரர்கள் விற்கும் பங்கு மொத்த வெளியீட்டில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதிலும் ஒருவர் தன் கையிருப்பில் பாதிக்கு மேல் விற்க முடியாது. 10 கோடி திரட்டினால் அதில் விற்பனைப் பங்கு 2 கோடிதான். மீதியை வைத்துக்கொண்டு அண்ணன் வெளியேறுவது எப்படி? புரமோட்டர்களின் குறைந்தபட்சப் பங்களிப்பான 20 சதவீதம் வேறு மூன்று வருஷம் விற்க முடியாமல் பூட்டிக் கிடக்கும்.

ஏஜென்ட்கள் பத்தாயிரம் போடுவதும் முடியாது. எஸ்எம்இ ஐபிஓவில் விண்ணப்பத் தொகையே 2 லட்சத்துக்கு மேல்தான். நம் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 25 ரூபாய்ப் பங்குகளாக விற்று 10 லட்சம் திரட்டக் கிளம்பினார். அந்தக் காலத்து வழி இன்று அடைபட்டுவிட்டது, காரணத்தோடுதான். ‘ஐபிஓ இல்லாவிட்டால் என்ன, ஏஜென்ட்களிடம் நாமே வசூலிப்போம்’ என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். அது, அனுமதியில்லாமல் பொதுமக்களிடம் பணம் வாங்குவதைத் தடுக்கும் டெபாசிட் சட்டத்தில் மாட்டிவிடும்.

‘வட்டியில்லாப் பணம்’ என்ற பேச்சுதான் எனக்கு எரிச்சல். வெளியீட்டுக்குப் பிந்தைய மூலதனத்தில் குறைந்தது 25 சதவீதம் வெளியார் கைக்குப் போகும். வெளியீட்டை நடத்தித் தரும் மெர்ச்சன்ட் பேங்கர், விற்காத பங்கை ஏற்றுக்கொள்ளும் அண்டர்ரைட்டிங் (வெளியீடு முழுவதற்கும்), மூன்று வருஷத்துக்குப் பங்கை வாங்கவும் விற்கவும் தயாராக நிற்கும் மார்க்கெட் மேக்கர், கம்பெனி செக்ரட்டரி என்று எல்லோருக்கும் சம்பளமோ கட்டணமோ உண்டு. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியே ஐபிஓவுக்கு வந்தது 2022-இல்தான். உங்களை நூறு வருஷம் காத்திருக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

உண்மையான வேலை உங்கள் பேரேட்டில் இருக்கிறது. நான் அதைப் பார்த்ததில்லை. ஆனால் நம் பக்கத்துக் குடும்பத் தொழில் எப்படி இருக்கும் என்று தெரியும். மாவு அரைக்கும் கட்டடம் அம்மா பெயரில் இருக்கும், வாடகை வாய்ப்பேச்சு. வேன் அண்ணன் மகன் பெயரில். தை, மாசியில் கோவில்பட்டிப் பக்கம் வாங்கிய உளுந்தில் பாதிக்குத் துண்டுச் சீட்டுதான். வீட்டில் அப்பளம் இட்டுக் கொடுக்கும் பெண்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி போகும், ரிஜிஸ்டர் இருக்காது. கல்யாணத்துக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது ‘அண்ணன் கணக்கு’ என்று ஒற்றை வரியில் கிடக்கும். ஐபிஓ ஆவணத்தில் குடும்பத்தோடு நடந்த கொடுக்கல் வாங்கல் அத்தனையும் தொகையோடு வரும். வரைவை 21 நாள் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள். வீரவநல்லூர்ப் போட்டிக்காரரும் படிப்பார், சம்பந்தி வீட்டாரும் படிப்பார்கள்.

அதனால் இந்த வருஷமே பிரைவேட் லிமிடெட்டாக மாற்றுங்கள். அண்ணன் பங்கைப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரை வைத்து விலை போட்டு, தவணை முறையில் நீங்களே வாங்கிக்கொள்ள எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். அண்ணன் தம்பிக்குள் எழுத்தா என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் பிள்ளைகள் காலத்தில் அந்தக் காகிதம்தான் பேசும்.

ஆலையையும் ஒரே மூச்சில் கட்டாதீர்கள். 8 கோடியும் கடன் என்றால், 10 சதவீத வட்டியே வருஷம் 80 லட்சம். அசலும் சேர்ந்தால் உங்கள் லாபம் தாங்காது. முதலில் மசாலா யூனிட்டுக்கு மட்டும் 3 கோடி வாங்குங்கள். ஏழு வருஷத் தவணையில் முதல் வருஷம் அசலும் வட்டியுமாக 70 லட்சத்துக்குச் சற்று மேலே வரும். இறுக்கம்தான், ஆனால் சமாளிக்கலாம். சிறு தொழில் கடனுக்கு வங்கியிடம் உத்தரவாதம் நிற்கும் சிஜிடிஎம்எஸ்இ என்ற நிதியத்தின் உத்தரவாதத்தில் சொத்து ஜாமீன் இல்லாமல் 10 கோடி வரை கடனுக்கு 2025 ஏப்ரலிலிருந்து இடமிருக்கிறது. உங்கள் வங்கியிலும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்திலும் கேட்டுப் பாருங்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் பில்லுக்கு மாதக்கணக்கில் இழுத்தடித்தால், அவர்கள் ட்ரெட்ஸ் என்ற இணையவழி பில் தள்ளுபடித் தளத்தில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் அந்த பில்லைத் தள்ளுபடியில் கொடுத்து உடனே காசாக்கலாம்; உளுந்து சீசனுக்குக் கையில் பணம் நிற்கும்.

இரண்டு வருஷம் 1 கோடியைத் தாண்டி, ஆடிட்டரும் கணக்கில் குறை சொல்லாத நிலை வந்தால் செபி தளத்தில் பதிவுபெற்ற மெர்ச்சன்ட் பேங்கர்கள் பட்டியலை எடுத்து, நீங்களே இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். இந்த ஆலோசகர் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அதுவரை அந்த 5 லட்சம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.