கிடைமட்ட எரிவாயுக் கிணற்றில் பில்டப் டெஸ்ட் (கிணற்றை மூடி அழுத்தம் ஏறுவதை அளக்கும் சோதனை) எடுத்தால் ரேடியல் ஓட்டம் (சுற்றிலுமிருந்து கிணற்றை நோக்கி வாயு வருவது) ஏன் தெளிவாகத் தெரிவதில்லை?

பெரும்பாலும் கிணற்றைத் திறந்துவிட அவசரப்படுவதால்தான். செங்குத்துக் கிணற்றில் ஒரே ரேடியல் ஓட்டம். இங்கே இரண்டு, நடுவில் நேர்கோட்டு ஓட்டம் வேறு.

லாக்-லாக் வரைபடத்தில் டெரிவேட்டிவ் கோட்டை, அதாவது லாக் நேரத்தைப் பொறுத்து அழுத்தம் மாறும் வீதத்தைக் காட்டும் கோட்டைப் பாருங்கள். முதலில் சாய்வு 1: கிணற்றுக்குள் இருக்கும் வாயு அமுங்குவது மட்டுமே. அடுத்து வரும் சிறு சமதளம், குழாயைச் சுற்றிய செங்குத்து ரேடியல் ஓட்டம். கிடை, செங்குத்து ஊடுருவுதிறன்களின் பெருக்கற்சராசரியும் ஸ்கின்னும் (கிணற்றை ஒட்டிய சேதம் போன்றவற்றால் வரும் கூடுதல் தடை) இதில்தான் கிடைக்கும். வாயு எளிதில் அமுங்குவதால் முதல் கட்டம் நீண்டு இந்தச் சமதளத்தை விழுங்கிவிடும். வால்வைத் தரைமட்டத்தில் மூடாமல் அடியில் மூடினால் தப்பிக்கலாம்.

அழுத்தம் பாறை அடுக்கின் மேல், கீழ் எல்லைகளைத் தொட்டதும் சாய்வு 0.5: இதுதான் நேர்கோட்டு ஓட்டம். கிணற்றில் உண்மையில் பாயும் நீளம் இங்கே தெரியும். துளைத்த 1,000 மீட்டரும் பாய்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கடைசிச் சமதளம், அதாவது இரண்டாவது ரேடியல் ஓட்டம், வர ஆகும் நேரம் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: நீளம் இரு மடங்கானால் காத்திருப்பு நான்கு மடங்கு. இறுக்கமான பாறையில் மாதங்கள்கூட ஆகும்.

கணக்கில் வெறும் அழுத்தத்தைப் போடாதீர்கள். வாயுவின் பாகுத்தன்மையும் இசட் காரணியும் (இலட்சிய வாயுவிலிருந்து விலகும் அளவு) அழுத்தத்தோடு மாறுவதால், அவற்றையும் சேர்த்துத் திருத்திய அழுத்தமான சூடோ-பிரஷர் தேவை. ஸ்கின்னும் ஓட்ட வீதத்தோடு கூடும். இரண்டு மூன்று வீதங்களில் சோதித்தால்தான் நிஜமான சேதத்தை, வேகமான ஓட்டத்தின் கொந்தளிப்பிலிருந்து பிரிக்க முடியும்.

இன்னொன்று: கேஜ் (அழுத்தமானி) கிணறு கிடையாகத் திரும்பும் வளைவுக்கு மேலே தொங்க, கீழே தண்ணீர் மட்டம் நகர்ந்தால் டெரிவேட்டிவில் திடீர்ப் பள்ளம் விழும். அதைப் பாறையின் குணம் என்று எண்ணிவிட வேண்டாம்.