படர்தாமரை க்ரீம் போட்டால் போகிறது, விட்டால் திரும்ப வருகிறது. நிரந்தரத் தீர்வு உண்டா?

நீங்கள் எழுதியிருப்பது இது: ஒரு வருடமாக, தொடை இடுக்கில் தொடங்கி இடுப்புக்குப் பரவிய படர்தாமரை. மெடிக்கலில் வாங்கிய க்ரீம் போட்டால் நாலு நாளில் அடங்குகிறது, விட்டால் பதினைந்து நாளில் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இப்போது மனைவிக்கும் வந்துவிட்டது. கறுப்புத் தழும்பு போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நாலு நாளில் அடங்குகிறது என்ற இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. படர்தாமரை பூஞ்சையால் வருவது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து வழக்கமாக அவ்வளவு சீக்கிரம் அரிப்பையும் சிவப்பையும் துடைத்துவிடாது. உங்கள் ட்யூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கிறது; அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. அப்படியென்றால் உங்களுக்குப் படர்தாமரை ஒரு தடவைகூடப் போகவில்லை. ஒரு வருடமாக உள்ளேயேதான் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட். சுற்றிலும் பனியன் கம்பெனிகள், வேலையாட்கள் தங்கும் ரூம்கள். வெயில் காலம் வந்தால் காய்ச்சல் மாத்திரையைவிடப் படர்தாமரைக்கு மருந்து கேட்டு வருபவர்கள்தான் அதிகம்.

முதலில் உங்கள் ட்யூபை எடுத்து, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே எறும்பு வரிசை மாதிரி இருக்கும் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன். இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு க்ரீம். க்ளோட்ரிமசோல், லூலிகொனசோல், கீட்டோகொனசோல், டெர்பினாஃபின் ஆகியவை பூஞ்சை மருந்துகள். க்ளோபெட்டசாலும் க்ளோட்ரிமசோலும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். வேலை நேர் எதிர். வாய்மொழியாகக் கேட்டு வாங்கும்போது இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில ட்யூபில் நாலு மருந்து சேர்ந்தே இருக்கும்: க்ளோபெட்டசால், ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின். ஓஃப்ளாக்சசின் பாக்டீரியாவுக்கு, ஆர்னிடசோல் அமீபா மாதிரியான கிருமிகளுக்கு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஜோடி அது. தொடை இடுக்கில் அதற்கு என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஒரு பையன், பல்பசை ட்யூப் போலச் சுருட்டி நசுக்கிய ஒன்றைக் கவுண்டரில் வைத்தான்.

“ஏனுங்ண்ணா, இதே ட்யூப்பு ஒண்ணு குடுங்க.”

“எத்தன மாசமா போடறீங்க தம்பி?”

“அது ஆச்சுங்ண்ணா ஒரு வருசம். போட்டா நின்னுக்குது. உட்டா மறுக்கா வந்துருது.”

“ரூம்ல வேற யாருக்காச்சும் இருக்குதா?”

“எல்லாத்துக்குமே இருக்குதுங்ண்ணா. இந்த ட்யூப்பே எல்லாருந்தான் போடறம்.”

முழங்கைக்குக் கீழே இருந்ததை மட்டும் காட்டினான். ஒரு பெரிய வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம், ஓரம் மட்டும் கொஞ்சம் தடித்து, நடுவில் தோல் மெலிந்து பளபளவென்று இருந்தது. ஸ்டீராய்டு போட்டுப் போட்டு விட்ட படர்தாமரைக்கு அடையாளமே இந்த வட்டத்துக்குள் வட்டம்தான். 1968-லேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் ஸ்டீராய்டால் உருமாறிப்போன படர்தாமரையை விவரித்து, அடையாளம் மறைந்த படர்தாமரை என்ற பொருளில் அதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். தெரியாத விஷயமில்லை இது.

நடப்பது இதுதான். படர்தாமரைப் பூஞ்சை நம் தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்கிறது. உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுவதால்தான் சிவப்பு, தடிப்பு, அரிப்பு எல்லாம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். அரிப்பு நிற்கும், உங்களுக்கு நிம்மதி. பூஞ்சைக்கு அதைவிட நிம்மதி, கேட்க ஆளே இல்லாமல் அகலமாகப் பரவும். ட்யூப் தீர்ந்து, உடம்பு மறுபடி விழித்துக்கொள்ளும்போது நீங்கள் பார்ப்பது அந்தப் பரவிய எல்லையை. கூடவே பூஞ்சை மருந்தும் ட்யூபில் இருக்கிறதே என்று கேட்கலாம். அரிப்பு நின்ற நாலாம் நாளே பூசுவதை விட்டுவிடுகிறோம், அது வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை. தொடை இடுக்கு, அக்குள் மாதிரி மடிப்புகளில் தோல் மெலிது என்பதால் ஸ்டீராய்டு இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும். அங்கே பிரசவக் கோடுகள் மாதிரி வரிவரியாக விழுந்துவிட்டால் அந்தக் கோடு முழுதாக மறையாது.

2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய பட்டியலுக்குள் கொண்டுவந்தது. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் அதற்காகப் பல வருடம் மல்லுக்கட்டியது. சட்டம் வந்தும் கவுண்டரில் கேட்டால் கிடைக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் தொழில்காரர்கள் மேல் எனக்கே உள்ள வருத்தம் இது.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. பழைய நாட்களில் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிய படர்தாமரை இப்போது அடங்குவதில்லை. நேபாளத்தையும் இந்தியாவையும் சேர்ந்த நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து, 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று அந்தப் புது வகைக்குப் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது, பெருமைப்பட ஒன்றுமில்லை. இந்த வகையில் பலவற்றுக்கு டெர்பினாஃபின் வேலை செய்வதில்லை. அந்த மருந்து போய்த் தாக்கும் நொதியே பூஞ்சையில் மாறிவிட்டது. 2023-ல் நியூயார்க்கிலும் இது கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கேயே போகலாம். போகிற அன்று எதையும் பூசிக்கொண்டு போகாதீர்கள். வட்டத்தின் ஓரத்தில் இருக்கும் செதிலை மழுங்கிய கத்தியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் கிளை விட்ட நூல் மாதிரி தெரியும். வலிக்காது, ரத்தம் வராது, அன்றைக்கே முடிவு தெரியும். ஒரு வருடமாக இழுக்கும் கேஸுக்கு இதைச் செய்யச் சொல்லி நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

ஏனென்றால் வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை இல்லை. மார்பிலும் முதுகிலும் வெளுத்தோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாக, பெரிதாக அரிப்பில்லாமல் வந்தால் தேமலாக இருக்கலாம். அது வேறு பூஞ்சை, ஒட்டவும் செய்யாது. முழங்கை, முழங்கால், தலையில் வெள்ளிச் செதிலோடு தடித்திருந்தால் சொரியாசிஸ். காசு வடிவ எக்ஸிமா என்ற தோல் அழற்சியில் நடுப்பகுதி தெளியாமல் முழுவதும் ஒரே மாதிரி இருக்கும். வெளிர்ந்த அல்லது சிவந்த திட்டு ஒன்று அரிக்கவே இல்லை, தொட்டால் உணர்ச்சி மரத்திருக்கிறது என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தொழுநோயாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

சரி, படர்தாமரைதான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீராய்டை நிறுத்தியதும் முதல் வாரம் அரிப்பு கூடும். இங்கேதான் பாதிப் பேர் பயந்துபோய்ப் பழைய ட்யூபுக்கே ஓடுகிறார்கள். அரிப்புக்கு டாக்டர் தனியாக மாத்திரை தருவார், தாங்கிக்கொள்ளுங்கள். முகத்தில் மாதக்கணக்காகப் போட்டவர்கள் மட்டும் சட்டென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்கிறபடி விட வேண்டும். க்ரீம் பூசுவதற்கு டாக்டர்கள் சொல்லும் ஒரு இரண்டு கணக்கு உண்டு: வட்டத்துக்கு வெளியே 2 சென்டிமீட்டர் வரை, தினம் 2 வேளை, தோல் சுத்தமாகத் தெளிந்த பிறகும் 2 வாரம். தெளிந்த பிறகும் என்பதை யாரும் செய்வதில்லை. சில புது க்ரீம்கள் ஒரு வேளை போதும், சீட்டில் எழுதியிருக்கும்.

உங்கள் அளவுக்குப் பரவியிருந்தால் மாத்திரையும் தருவார்கள், பெரும்பாலும் இட்ராகொனசோல். இந்த கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட வேண்டும். உடம்பில் சேர இதற்கு வயிற்று அமிலம் தேவை. நம் ஊரில் எந்த மாத்திரைக்கும் துணைக்கு ஒரு கேஸ் மாத்திரை போடுவது வழக்கம். அந்த கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைத்து இட்ராகொனசோலைப் பாதி வீணாக்கிவிடும். பேண்டாப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரை தினமும் போடுகிற ஆளாக இருந்தால் கண்டிப்பாக டாக்டரிடம் சொல்லுங்கள். இதயம் பலவீனமானவர்கள், கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவர்கள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் பூஞ்சை மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடவே கூடாது. சிகிச்சை ஒன்றரை மாதம், இரண்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சர்க்கரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு பூஞ்சையை விரட்டுவது கஷ்டம்.

மனைவிக்கும் அதே நாளில் சிகிச்சை தொடங்க வேண்டும். நீங்கள் முடித்து அவர் தொடங்கினால் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் குழந்தைகள், பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு பார்வை.

அப்புறம் துணி. செதிலோடு உதிரும் பூஞ்சை துணியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். துண்டு, உள்ளாடை, பெட்ஷீட் எல்லாவற்றையும் தனியாக ஊறவைத்து, முடிந்தால் 60 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நல்ல வெயிலில் போடுங்கள். ரூமுக்குள் கொடி கட்டி ஈரத்தோடு உலர்த்துகிற பேச்சலர் பசங்களுக்கு நான் சொல்வது, சாயங்காலம் துவைக்காதே, காலையில் துவை. ஜீன்ஸைக் கொஞ்ச நாள் அலமாரியில் வையுங்கள்.

அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறீர்களா? நூல் கயிறு வியர்வையையும் பூஞ்சையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுப்பைச் சுற்றிக் காவல் நிற்கும். அதைக் கழற்றச் சொன்னால் அம்மாக்கள் என்னிடம் சண்டைக்கே வருவார்கள். சிகிச்சை முடியும் வரை கழற்றுங்கள், வேண்டுமானால் பிறகு வெள்ளியில் போட்டுக்கொள்ளலாம். மனைவிக்குப் பாவாடை நாடா அழுந்தும் இடம் அப்படித்தான். நாடாவைத் தளர்த்தி, தினம் கட்டும் இடத்தைக் கொஞ்சம் மேலே கீழே மாற்றச் சொல்லுங்கள். குளித்ததும் மடிப்புகளைத் தனித் துண்டால் ஒற்றி உலர்த்துங்கள். பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பது, கிருமிநாசினி சோப்பை நாலு வேளை போடுவது இரண்டுமே தோலைப் புண்ணாக்கும்.

நாட்டு மருந்து பற்றியும் யாராவது கேட்பீர்கள். சீமை அகத்தி இலைக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு, பாட்டிமார் சொன்னது பொய்யில்லை. கையகல வட்டம் ஒன்றுக்கு அது போதுமாக இருக்கலாம்; ஸ்டீராய்டில் ஊறி உடம்பெல்லாம் பரவியதற்குப் போதாது. பூண்டு அரைத்துக் கட்டாதீர்கள். தொடை இடுக்கில் ராத்திரி முழுக்கக் கட்டியிருந்துவிட்டு, காலையில் கொப்புளம் கிளம்பி நடக்க முடியாமல் ஆட்டோவில் வந்து இறங்கியவரைப் பார்த்திருக்கிறேன். அது தீக்காயம் மாதிரியே இருந்தது.

தழும்பு பற்றி: அரிப்பும் செதிலும் போய், தட்டையாகக் கறுப்பு மட்டும் மிச்சமிருந்தால் அது நோய் இல்லை, நோய் இருந்த இடம். நம் நிறத்துக்கு மாதக்கணக்கில் இருந்து மெதுவாக மங்கும். அதை வெளுக்க வைக்க என்று விற்கும் க்ரீம்கள் சிலவற்றில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயினோடு மொமெட்டசோனும் இருக்கும். மேலே சொன்ன பட்டியலில் பாருங்கள், அதுவும் ஸ்டீராய்டுதான். தேங்காய் எண்ணெயோ சாதாரண மாய்ஸ்சரைசரோ போதும். கறுப்பின் ஓரத்தில் மறுபடி செதில் கிளம்பினால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.